தூளியிலிருந்து கை எடுத்தல்: திணை, துறை, தோல்வி நோக்கில் ஓர் ஆய்வு

தமிழில் பிள்ளைத்தமிழுக்குப் பஞ்சமில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைப் பிள்ளையாக்கித் தாலாட்டினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைத் தாலாட்டினார். அதற்குப் பின் தெய்வம், ஆதீனத் தலைவர், அரசியல் தலைவர் என்று யாரையும் புலவர்கள் விட்டுவைக்கவில்லை. பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு என்பது கணக்கு. அதில் தாலப் பருவம் முழுக்கத் தூங்கவைக்கும் வேலைதான். ஆனால் பாடி முடித்த புலவர் எப்படி எழுந்தார், எந்தக் காலை முதலில் ஊன்றினார், கதவைச் சாத்தினாரா, ஒருக்களித்துவிட்டாரா என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. ஆய்வுலகம் இதை ‘ஆய்வு இடைவெளி’ என்று அழைக்கும். நிரப்ப ஆளில்லாத இடைவெளிகளை விட்டுவிட்டு, ஏற்கெனவே நிரம்பி வழியும் இடைவெளிகளையே நிரப்புவது அவ்வுலகின் வழக்கம். நான் மரபை மீறுகிறேன்.

ஆய்வுக் களம், இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வாடகை வீடு. தரவுகள் இரண்டு: மூத்தவள், வயது இரண்டரை, சின்னவன், நான்கு மாதம். பாட்டியல் நூல்கள் பிள்ளைத்தமிழை மூன்றாம் மாதத்தில் காப்பில் தொடங்கி, 21ஆம் மாதத்தோடு நிறுத்திவிடுகின்றன. அதற்குமேல் ஏன் போகவில்லை என்பது, இரண்டரை வயதோடு ஒரே ஒரு பிற்பகல் வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு விளங்கும். புலவருக்கு எழுத்தாணி கையில் தங்கியிருக்காது.

இவ்வாய்வின் நெறியாளரும் மூத்தவளே. எல்லா நெறியாளர்களையும் போலப் படிக்காமலே கிழிப்பார்.

முதற்பொருள், நிலமும் பொழுதும். கூடத்தில் மடிக்காமல் குவிந்த துணி குறிஞ்சி. கவிழ்ந்த தண்ணீர்ச் செம்பைச் சுற்றியுள்ள பகுதி மருதம். நெய்தல், அவசரத்துக்கு டயப்பர் போடாமல் விட்டதன் விளைவு. முல்லை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாலைக்குத் தனி நிலம் கிடையாது என்பது மரபு. இங்கும் எந்த இடமும் எந்த நேரமும் பாலையாகும். சிறுபொழுது ஆறு என்பார்கள். எங்கள் வீட்டில் வழக்கில் உள்ளது யாமம் ஒன்றே.

கருப்பொருள்களைப் பட்டியலிட முயன்றேன். மூத்தவளின் ஒற்றைச் செருப்பு அரிசி டப்பாவில் இருந்தது. டிவி ரிமோட் சின்னவனின் உடுப்புகளுக்கு நடுவே இருந்தது. பாதி கடித்த இட்லி என் கைப்பையில். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் அடியை எடுத்து வேறெங்கோ கூட்டிப் பொருள் கண்டவர். மறைமலையடிகள் அதை ஒப்பவில்லை. அடிகள் எங்கள் கூடத்தைப் பார்த்ததில்லை.

இனி ஆய்வுப் பொருளுக்கு வருவோம். தூளி என்பது அத்தையின் பழைய நூல்சேலை. மேலே கொக்கி, நடுவில் ஸ்பிரிங். ஆட்டம் மூவகைப்படும்: மெய்யாட்டம், கை மட்டும் போய்வர, மனம் சமையலறையில் இருக்கும் ஒப்புக்காட்டம், தூளி தானாக நின்றுவிட்ட பிறகும் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கும் ஆடாவாட்டம். முதல் இரண்டையும் பிற ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் வாழ்நாள் ஆடாவாட்டத்தில் போகிறது.

கை எடுப்பதில் இரு பள்ளிகள் உள்ளன. ஐந்து விரலையும் ஒரே வீச்சில் எடுத்துவிட வேண்டும் என்பது ஒருமுறையார் கொள்கை. அதன் தலைமாணாக்கர் என் கணவர். ஆட்டிக்கொண்டே இருப்பவர் சட்டென்று விட்டுவிட்டுப் போனைத் தேடிப் போய்விடுவார், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். இது தற்செயல். மறுபடி செய்து காட்டச் சொன்னால், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்பார். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும் என்பது விரல்முறையார் கொள்கை. இதற்குச் சான்றுகள் வலுவானவை (அத்தை, அடுப்படி உரை). சுண்டுவிரலுக்கு முன் மோதிர விரல் என்பாரும் உண்டு (என் அம்மா, தொலைபேசி உரை, ஞாயிறு காலைப் பதிப்பு, அத்தை உரைக்கு மறுப்பாகச் சொன்னது, அத்தைக்குச் சொல்ல வேண்டாம் என்ற பின்குறிப்புடன்). கட்டைவிரலைக் கடைசிவரை விடாமல், சேலையின் கரையை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பது நுண்மரபு (மேல்வீட்டு மாமி, மொட்டைமாடிக் குறிப்புகள், வடாம் காய்ந்த கோடை, கிழக்குக் கொடி, உதறிய இரண்டாம் துண்டுக்கு இடப்பக்கம் நின்று கூறியது). அந்நேரம் வலது மூக்கால் மட்டும் மூச்சு விட வேண்டும் என்கிறது மற்றொரு மூலம் (குடும்ப வாட்ஸ்அப் குழு, பெரியப்பா பகிர்ந்தது; அவருக்கு அனுப்பியவர் அறியப்படவில்லை; ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறியுடனும், கூப்பிய கைகள் ஒரு வரிசையுடனும், நாசாவே வியந்த செய்தியுடனும் கிடைத்த ஒரே படி). பலமுறை பகிரப்பட்டதால் இதற்கு மதிப்பு அதிகம். ஆய்விதழ்களிலும் மேற்கோளை இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

சின்னவன் உண்மையில் தூங்கிவிட்டானா என்பது பாடபேதத்துக்குரிய இடம். இமைக்கு அடியில் விழி ஓடும். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போகும். சாமி பூக்காட்டுகிறது என்பார் அத்தை. மூடியிருந்த முட்டி மெதுவாக அவிழ்ந்து, உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் நூல்பிசிறு தெரிந்தால் ஓரளவு நம்பலாம். நம்பிக் கையை எடுத்தால், இரண்டு கையையும் விரித்துத் தூக்கிவாரிப் போடும். ஆதாரம் திடீரென விலகினால் கைக்குழந்தை இப்படிச் செய்வதை 1918இல் எர்ன்ஸ்ட் மோரோ என்ற மருத்துவர் எழுதிவைத்தார். சில மாதங்களில் அது தானாக மறையும். அத்தை மோரோவைப் படித்ததில்லை. விபூதி பூசினார். நிகழ்வைப் பொறுத்தவரை இருவரும் ஒரே கருத்தினர்; கிடைத்த பலனும் ஒன்றே.

எழுப்பும் சான்றுகளில் புறச்சான்று எளிது: குக்கர் விசில், கூரியர் தம்பியின் காலிங்பெல், ஒலிபெருக்கி வைத்த பழைய பேப்பர்காரர். அகச்சான்றுதான் கொடியது. அது என் முழங்கால். சம்மணம் பிரித்து எழும்போது ‘டக்’ என்று அது எழுப்பும் ஒரே ஓசைக்கு, பேப்பர்காரரின் முழு வசனத்துக்கும் எழாத பிள்ளை எழுகிறான்.

இவையெல்லாம் கடந்து வருவதே இடைச்செருகல். மூத்தவள் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வருவாள். கையில் கரண்டி இருக்கும்.

“அம்மா, தம்பி தூங்கிட்டானா?”

“ஷ்ஷ்… தூங்கிட்டான்டா கண்ணு.”

மூலநூலைக் கண்ணால் பாராமல், மூன்றாம் ஆள் எடுத்தாண்டதை நான்காம் ஆளாக எடுத்தாளும் பேராசிரியர்களை நான் அறிவேன். இவள் அந்த ரகம் இல்லை. பிறர் வாய்ச்சொல்லை ஏற்க மாட்டாள். தூளியின் இரண்டு விளிம்பையும் விலக்கி, குனிந்து, மூலத்தின் இடது இமையை ஆள்காட்டி விரலால் தூக்கிப் பார்ப்பாள். பிறகுதான், “ஆமா, தூங்கறான்” என்று முடிவை வெளியிடுவாள். பெரும்பாலான ஆய்வு முடிவுகளைப் போல, வெளியாகும் நேரத்தில் அது பொருந்தாமல் போயிருக்கும்.

ஆய்வேட்டின் கடைசி இயலை எழுதும்போதுதான் அத்தையின் மூன்றாவது கொள்கை தெரியவந்தது. தூளியில் ஒரு நாடாவைக் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, பாயில் படுத்துக் கண்ணை மூடியபடியே காலால் இழுத்துக்கொண்டிருந்தார். என் கணவரையும் அவர் தம்பியையும் இப்படித்தான் வளர்த்தாராம். கையே வைக்காதபோது கை எடுத்தல் என்ற சிக்கல் எழவே எழாது. ஆக, இந்த ஆய்வுக்கு அடிப்படையே இல்லை. ஆனால் தலைப்பைப் பதிவு செய்தாகிவிட்டது. மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.