யாரைக் கழிக்கலாம்?

சினிமாவுக்கு 24 கிராஃப்ட் என்பது கோடம்பாக்கத்துக் கணக்கு. கூடுவாஞ்சேரிக்கு நாலு பேர் போதும் என்பது என் அக்கா மகன் கணக்கு. பொத்தேரிப் பக்கம் விஸ்காம் படிக்கிறான். குறும்படம் எடுக்கப் போகிறானாம். மிச்ச வேலையெல்லாம் யார் பார்ப்பது என்று கேட்டேன். “உங்ககிட்டதான் ஸ்கூட்டர் இருக்கே மாமா” என்றான். அப்படித்தான் நான் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனேன். வீடு லொகேஷன் ஆனது. எலுமிச்சை சாதம் கிளறிய கையோடு என் மனைவி கேட்டரிங் ஆனாள்.

ஆள் எடுப்பதில் அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. கேமராமேனுக்குத் தகுதி, அப்பா வாங்கிக் கொடுத்த கேமரா. லைட்மேனுக்குத் தகுதி, உயரம்: மொட்டை மாடிக் காற்றில் தெர்மாகோலோடு சேர்ந்து பறந்துவிடாமல் நிற்க வேண்டும். மேக்கப்பைக் கதாநாயகி தானே போட்டுக்கொள்வாள். கன்டினியூட்டி? “எல்லாரும் பாத்துப்போம் மாமா.” எல்லாரும் பார்க்கிற வேலையை யாரும் பார்ப்பதில்லை. கதாநாயகனின் அப்பாவாக நான் சோபாவில் உட்காரும்போது வாட்ச் இடது கையில் இருக்கிறது. அடுத்த ஷாட்டில் காபி டம்ளரை எடுக்கும்போது வலது கையில்.

“ராபர்ட் ரோட்ரிகஸ் தனியாளா எடுக்கலையா?” என்று மடக்குவான். வாஸ்தவம்தான். அந்த அமெரிக்க இயக்குநர் 1992-ல் வந்த ‘எல் மரியாச்சி’ படத்தை 7,000 டாலரில், கிட்டத்தட்ட யூனிட்டே இல்லாமல் எடுத்தார். டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி. எங்களுக்கு என் கம்ப்யூட்டர் நாற்காலி, தள்ளியது நான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ரோட்ரிகஸ் மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தார் என்று நான் எடுத்துச் சொன்னதும் லைட்மேன் பையன் தெர்மாகோலைக் கீழே வைத்துவிட்டான்.

எல்லாம் சரி, சவுண்டு? “கேமராவிலேயே மைக் இருக்கு மாமா.”

இருக்கிறது. செங்கல்பட்டு லோக்கல் ஹாரன் அடிப்பதும், ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் உறுமுவதும், எதிர்வீட்டுக் குக்கர் எத்தனையாவது விசிலில் இருக்கிறது என்பதும் அதில் துல்லியமாகக் கேட்கிறது. வசனம்தான் கேட்கவில்லை. கேட்ட ஒரே இடம் கிளைமாக்ஸ். கதாநாயகன் கண் கலங்கி, “என்னை என்னன்னுப்பா நெனச்சீங்க?” என்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் தெருவிலிருந்து ஸ்பீக்கர் பதில் சொல்கிறது: “பழைய இரும்பு, பிளாஸ்டிக், ஈயம், பித்தளை...” படத்திலேயே டைமிங் சரியாக அமைந்த காட்சி அதுதான்.

ரோட்ரிகஸ்கூடச் சவுண்டை விட்டுவிடவில்லை. அவர் கேமரா சத்தம் போடும் ரகம். ஆகவே ஒவ்வொரு ஷாட்டும் முடிந்தபின் நடிகர்களை மறுபடி பேசவைத்துத் தனியாகப் பதிவு செய்துகொண்டார். நம்ம பார்த்திபனைப் பாருங்கள். 2019-ல் வந்த ‘ஒத்த செருப்பு சைஸ் 7’-ல் திரையில் தன்னைத் தவிர எல்லாரையும் கழித்துவிட்டார்; மற்ற பாத்திரங்கள் வெறும் குரல்தான். ஆனால் அந்தக் குரல்களைக் கவனிக்க ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியை வைத்துக்கொண்டார். ஒலிக்கலவைக்குத் தேசிய விருதும் வந்தது. எதிர்க்கோடி ‘சுயம்வரம்’. 1999-ல் 24 மணி நேரத்துக்குள் எடுத்து முடித்த அந்தப் படத்துக்கு இயக்குநர்கள் மட்டும் 14 பேர். எங்கள் யூனிட்டிலும் ஏறக்குறைய அதே நிலைமை: நாலு பேர், நாலு பேருமே இயக்குநர்கள்.

ஆளைக் குறைத்தால் சம்பளம் குறையும், வேலை குறையாது. அது பக்கத்தில் நிற்பவன் தலையில் ஏறும். பெரும்பாலும் ஸ்கூட்டர் வைத்திருப்பவன் தலையில்.

அடுத்த படத்துக்கு நானே பட்டியல் போட்டுவிட்டேன். முதலில், காதில் ஹெட்போனோடு “ட்ரெயின் போகட்டும்” என்று அதட்டக்கூடிய ஓர் ஆள். இரண்டாவது சாப்பாடு; பேட்டா கொடுக்காத யூனிட்டைக் கட்டிப்போட வேறு கயிறு கிடையாது. மூன்றாவது கேமரா. நாலாவதாக, என் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவர்.

“அப்ப நான்?” என்றான் அக்கா மகன்.

நாற்காலி தள்ளத் தெரிந்தால் பார்க்கலாம் என்றேன்.