அமரருக்கு முதல் வரி

காமராஜர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக அவரை யாரும் 'செல்வன் காமராஜர்' என்று மேடையில் அழைத்ததில்லை. அழைத்திருந்தால் மேடை மிஞ்சியிருக்காது. ஜெயலலிதாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்றும் கடைசிவரை அவர் 'செல்வி'தான். கோட்டையையே ஆளலாம், கழுத்தில் தாலி உண்டா இல்லையா என்ற தகவலைப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு ஆள வேண்டும். மரியாதையாம்!

விமானச் சீட்டு எடுக்கப் போனாலும் இதே விசாரணை. ஆணுக்கு மிஸ்டரோடு முடிந்தது. பெண் மட்டும் பல நேரம் மிஸ்ஸா மிஸஸா என்று வாக்குமூலம் தர வேண்டும். நடுவானில் ஆபத்தென்றால் சுமங்கலிகளுக்கு ஆக்சிஜன் முகமூடி முதலில் இறங்குமோ என்னவோ.

சுமங்கலி அல்லாதவர்களுக்கு மகாராஷ்டிரத்தில் ஓர் அமைச்சர் கருணை காட்டினார். 2023இல் பெண்கள், குழந்தைகள் நலத்துறையை வைத்திருந்த மங்கள் பிரபாத் லோதா, 'விதவை' என்பதற்குப் பதில் 'கங்கா பாகீரதி' என்று போடலாமே என்றார். ஓய்வூதியத்துக்குக் கால்கடுக்க நிற்பவளுக்குக் கங்கையைக் கொடுத்துக் கையைக் கழுவுகிற திட்டம். எதிர்ப்பு கிளம்பியதும், வெறும் யோசனைதான் என்று பின்வாங்கினார். மனைவியை இழந்த ஆணுக்கு எந்த நதியையும் அவர் ஒதுக்கவில்லை. தேவையுமில்லை. அந்த ஆணுக்குப் பதினாறாம் நாளே தரகர் வந்துவிடுவார்.

மராட்டியரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையை ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும். அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். 'அமரர் திரு.' என்று தடித்த எழுத்தில் முதல் வரியில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். வட்டிக்கு வாங்கி, நகைச்சீட்டுக் கட்டி, மாப்பிள்ளை தேடி அலைந்தவள் அவருக்குப் பின்னால். சில பத்திரிகைகளில் அந்த இடமும் கிடையாது. அழைப்பவர்கள் சித்தப்பாவும் சித்தியும். 'திருமதி' ஜோடியாக நிற்கிற சித்திக்கு. தாரை வார்ப்பதும் அவர்களே. செத்தவர் மங்கலம், உயிரோடு இருப்பவள் அமங்கலம் என்று கணக்குப் போட்ட மூளையை எந்தச் செருப்பால் அடிப்பது?

பெற்றவள் மேடைப் பக்கம் வரவில்லை. தாலி ஏறும்போது பந்தியில் சாம்பார் போதுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கெட்டிமேளம் அடங்கியதும் மண்டபத்து மேனேஜர் பில்லோடு வருகிறார். சித்தப்பாவைத் தாண்டி, சித்தியைத் தாண்டி, நேரே அவளிடம்: "பாக்கி நீங்கதானேம்மா தரணும்?"