ஜெனரேட்டர் டீசலின் அடிவண்டல்: ஒரு விசாரணை

பாயிரம்

அமெரிக்காவின் வடகிழக்கிலும் வட அயர்லாந்திலும் குளிருக்கு எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். அதற்கென வீட்டுக்கு ஒரு டேங்க், டேங்குக்குள் கசடு, கசடை எடுக்க ஓர் ஆள். அக்னி நட்சத்திரத்தை இலவசமாகப் பெறும் மயிலாப்பூர், தி.நகர், அடையாறுவாசிகளுக்கு இந்தக் கவலை கிடையாது என்பது மேம்போக்கான பார்வை. இவ்வட்டாரத்து அடுக்குமாடிகளின் பின்புறம், காற்றுப் போன சைக்கிள்களுக்கு நடுவே, ஒரு ஜெனரேட்டர் நிற்கிறது. அதன் டேங்கின் அடியில் கிடப்பதே நம் ஆய்வுப்பொருள்.

நூற்பா

மேலது டீசல், கீழது தண்ணீர்,
இடையது பூஞ்சை, இறுதியது அடைப்பே.

உரை

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், டேங்கின் உள்நிலை உணர்த்துதல் நுதலிற்று. ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 830 கிராம். தண்ணீர் 1000 கிராம். ஆகவே தண்ணீர் அடியில் தங்கும். இரண்டும் தொடும் எல்லையில் பூஞ்சை குடியேறும்: தண்ணீரில் வாசம், டீசலில் சாப்பாடு. ஹார்மோகோனிஸ் ரெசினே என்னும் இனம் 1950, 60களில் ஜெட் விமான டேங்குகளையே படாத பாடு படுத்தியது. அதற்கு மந்தைவெளி அடுக்குமாடியின் டேங்க் எம்மாத்திரம்?

தண்ணீர் எவ்வழி வந்தது எனின், மூவழி. ஒன்று, பாதி காலியான டேங்க் கடற்காற்றின் ஈரத்தை உள்ளிழுத்து, இரவில் சுவரெல்லாம் வியர்ப்பது. இரண்டு, மூடி வழி. 2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மூடி இளகிய டீசல் டேங்க் அச்சட்டத்தை இன்றும் சிரத்தையோடு கடைப்பிடிக்கிறது. மூன்று, வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு நதி கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோது, காற்றுக்குழாய் மூழ்கிய எந்த டேங்குக்கும் விதிவிலக்கு இல்லை.

மூலகாரணம்

இவையெல்லாம் துணைக்காரணங்களே. 2012இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. அன்று வாங்கிய டீசல் பூஞ்சை பிடிக்கும் முன்பே புகையாகிப் போனது. இன்று மின்சாரம் ஒழுங்காக வருகிறது. டீசல் மாதக்கணக்கில் சும்மா கிடந்து கெடுகிறது. ஆகவே டீசல் கெடுவதற்கு மின்வாரியத்தின் முன்னேற்றமே முதற்காரணம் என நிறுவுகிறோம். களச் சான்று, மெக்கானிக்குக்கும் அசோசியேஷன் செயலாளருக்கும் நடந்த உரையாடல்:

“இஞ்சின் நல்லாத்தான் இருக்கு சார். அது குடிக்கிறதுதான் சரியில்ல.”

“என்னப்பா, போன தீபாவளிக்குத்தானே புல் டேங்க் அடிச்சோம்?”

“அதத்தான் சார் சொல்றேன். அடிச்சதோட சரி.”

பிறகு மெக்கானிக் கழற்றிக் காட்டிய பில்டரில் கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு படலம். விரலால் இழுத்தால் நூலாக வந்தது.

பிறர் மதம் மறுத்தல்

ஊற்றுவோர் மதம்: புது டீசலை மேலே ஊற்றினால் பழையது சரியாகிவிடும். பொருந்தாது. அடித்தண்ணீர் அடியிலேயே இருக்கும். பூஞ்சைக்கு விருந்துதான் கூடும்.

வேட்டியோர் மதம்: பழைய எட்டு முழத்தை நாலாக மடித்து வடிகட்டினால் போதும். இதுவும் பொருந்தாது. வேட்டி துருவைப் பிடிக்கும். மைக்ரான் கணக்கில் இருக்கும் பூஞ்சை வித்தையும் டீசலில் கலங்கிய நீர்த்துளியையும் பிடிக்காது. தன் பங்குக்குப் பஞ்சையும் கொஞ்சம் உதிர்க்கும்.

மருந்தூற்றுவோர் மதம்: பூஞ்சைக்கொல்லி போதும். பாதி உண்மை. செத்த பூஞ்சையும் வண்டல்தான்; அது நேரே பில்டருக்குப் போய்ச் சேரும்.

சித்தாந்தம்

முதலில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையை அளவுக்குச்சியின் நுனியில் தடவி டேங்கின் அடிவரை இறக்க வேண்டும். பெட்ரோல் பங்குகளில் செய்வது இதுதான். நிறம் மாறிய உயரமே தண்ணீரின் உயரம். டீசலை வெளியே எடுத்து, தெளியவிட்டு, நீர் பிரிக்கும் பில்டரிலும் பிறகு நுண்பில்டரிலும் மாறிமாறிச் செலுத்த வேண்டும். காலி டேங்கின் சுவரைத் துடைத்து வண்டலை அள்ள வேண்டும். பீடி ஆகாது, டேங்குக்குள் ஆளை இறக்குவது அறவே ஆகாது. அள்ளியதை மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகும். எண்ணெய்க் கசடு சட்டப்படி அபாயக் கழிவு, அனுமதி பெற்றவர்களிடமே தர வேண்டும்.

மறுபடி கெடாமலிருக்க, மாதம் ஒருமுறை அரைமணி நேரம் லிப்டையும் மோட்டாரையும் இழுக்கவிட்டு ஓட்டுக. ஆயுத பூஜையன்று ஜெனரேட்டரின் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் தவறாமல் கிடைக்கின்றன. அடியிலுள்ள வடிகுழாய்த் திருகை மட்டும் யாரும் தொடுவதில்லை. அன்றாவது அதைத் திறந்து, தண்ணீர் நின்று டீசல் வரும்வரை பிடித்தால் அதுவே முறையான அபிஷேகம்.

தீராத வழக்கு

செலவை யார் ஏற்பது? லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் டீசலை விட்டுவிட முடியாது என்பதில் எல்லோரும் ஒருமுகம். ஆனால் தரைத்தளத்தார், தாம் லிப்ட் ஏறுவதில்லையாதலால் பூஞ்சைக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்கின்றனர். அவர்கள் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் மின்வெட்டின்போது இதே டீசலில்தான் ஓடுகிறது என்று மூன்றாம் மாடியார் எடுத்துக் காட்டினர். தரைத்தளத்தார் அதை ஒப்புக்கொண்டு, அடிவண்டலில் மட்டும் பங்கு தருவதாக அறிவித்துள்ளனர்.