எந்தத் தோட்டா?

கேள்வி: ஆந்திர எல்லையோரத்து மாந்தோப்பில் தனியே குடியிருக்கிறேன். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்கினால் எந்தத் தோட்டா உத்தமம்?
- ஒரு வாசகர், திருத்தணி

பதில்: தேர்ந்தெடுக்கும் சிரமத்தை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே பெரும்பாலும் நீக்கிவிட்டது, 9 மி.மீ., .38 முதலியவை சாமானியப் பிரஜைகளுக்கு விலக்கப்பட்டவையாதலால், திருவள்ளூர் ஆட்சியர் லைசென்ஸ் அளித்தாலும் தங்கள் கைக்கு எட்டுவது அநேகமாக .32 ரகமே. ஆயினும் அந்த ஒரே எண்ணுக்குள் ரிவால்வருக்கென 23 மில்லிமீட்டர் நீளக் கூடுடைய தோட்டாவும், பிஸ்டலுக்கென 17 மில்லிமீட்டர் கூடுடையதும் தனித்தனியே இருப்பதால், கடையில் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்பது திருத்தணித் தெருவில் நின்று ‘முருகன் வீடு எது?’ என்று விசாரிப்பதற்கு ஒப்பாகும். துப்பாக்கியின்மேல் பொறித்திருப்பதை முழுவதும் படித்துச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. பிராணாபத்து நேர்ந்தால் எதிராளியின் உயிர் போகும்வரைகூடத் தற்காத்துக்கொள்ளும் உரிமையை 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா அளிக்கிறதெனினும், அவசியத்துக்கு மிஞ்சிய தீங்கை அது அனுமதிப்பதில்லை. வெறுமனே மாங்காய் பறித்து ஓடுகிறவனைச் சுட்டால், அவன் திருடன், தாங்கள் கொலையாளி. சூரபத்மனை வென்ற பெருமானே சினம் தணிந்து அமர்ந்த மலையடியில் வசிக்கும் தங்களிடம், முதலில் பிரகாசமான விளக்கொன்றும் நன்றாகக் குரைக்கும் நாய்கள் இரண்டும் வாங்குமாறு மனமார வேண்டுகிறேன்; தோட்டாவை அப்புறம் யோசிப்போம்.