ஏழாயிரத்தில் இருபது

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி வண்டி ஏறி உட்கார்ந்தால், கண்டக்டர் என்னிடம் வந்து சேர்வதற்குள் அடுத்து என்ன பாட்டு வரும் என்று சொல்லிவிடுவேன். தனியார் பஸ் என்றால் 'கரகாட்டக்காரன்'. அதற்குப் பிறகு 'எங்க ஊரு பாட்டுக்காரன்'. டிரைவர் கொஞ்சம் சோகமான ஆள் என்றால் மோகனும் மைக்கும். ரெட்டியார்சத்திரத்தில் இறங்கும்போது எந்தப் பாட்டின் எந்தச் சரணத்தில் இறங்குவேன் என்பது வரைக்கும் கணக்கு சரியாக இருக்கும். நடுவில் ரயில்வே கேட் மாதிரி ஏதாவது தடங்கல் வந்தால்தான் சரணம் மாறும்.

இதைப் படித்துவிட்டு யாரும் என்னை இளையராஜா விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். விரோதியாக இருந்தால் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நான் ரசிகன். அதனால்தான் இந்த வயிற்றெரிச்சல். ஆயிரம் படங்களுக்கு மேல், ஏழாயிரம் பாட்டு என்று ஊரே பெருமையாகச் சொல்கிறது. அதில் எங்கள் பழனி ரோட்டுக்கு வந்து சேர்ந்தது இருபது. மிச்சம் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதும் எங்கே போயின? அவர் 'அன்னக்கிளி'யில் அறிமுகமானது எல்லோருக்கும் தெரியும். அதே 1976-ல் 'பாலூட்டி வளர்த்த கிளி' என்று இன்னொரு கிளியும் பறந்தது. அந்தக் கிளியைப் பற்றி இந்தத் தடத்தில் ஓடும் எந்த டிரைவரிடமாவது கேட்டுப் பாருங்கள். வண்டியை ஓரங்கட்டி உங்களை இறக்கிவிடுவார்.

வெள்ளைக்காரன் நாட்டிலும் இதே கதைதான் என்று தெரிந்தபோது சற்று ஆறுதலாக இருந்தது. 'அன்னக்கிளி' வந்த அதே வருஷம் டிசம்பரில் ஈகிள்ஸ் குழு 'ஹோட்டல் கலிபோர்னியா' ஆல்பத்தை வெளியிட்டது. அன்றிலிருந்து அவர்கள் எந்த மேடை ஏறினாலும் அந்த ஓட்டலில் ரூம் போடாமல் ஜனங்கள் வீட்டுக்குப் போவதில்லை. 'கிஸ்' குழு 2000-ல் விடைபெறும் பயணம் என்று ஒன்று நடத்தியது. விடைபெறவில்லை. மறுபடி ஏறக்குறைய ஐந்து வருஷம் இழுத்து இன்னொரு விடைபெறும் பயணம். 2023 டிசம்பரில் ஒருவழியாகக் கடைசிக் கச்சேரி என்றார்கள். ரசிகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, இனி எங்கள் கம்ப்யூட்டர் உருவங்கள் வந்து பாடும் என்று அதே மேடையில் அறிவித்துவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கம் விருந்தாளி கிளம்பும்போது வாசலில் நின்று அரை மணி பேசுவார். அது எவ்வளவோ தேவலை.

ரோலிங் ஸ்டோன்ஸ் இன்னும் ஒரு படி மேல். 2024-ல் அவர்கள் அமெரிக்கா முழுக்கச் சுற்றியபோது அந்தப் பயணத்தின் ஸ்பான்சர் யார் தெரியுமா? ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான நலச் சங்கம். ஒரு காலத்தில் பெற்றவர்களை மிரளவைத்த பையன்கள்!

அந்தக் குழுவின் மிக் ஜாகரும் நம் இளையராஜாவும் ஒரே வருஷத்துப் பிறவிகள், 1943. ஆனால் ஒப்புமை அதோடு சரி. ஜாகர் அறுபது வருஷத்துப் பாட்டை இன்னும் மேடையில் குதித்துப் பாடுகிறார். ராஜாவோ எண்பத்தொரு வயதில், 2025 மார்ச் 8 அன்று, லண்டனில் 'வேலியன்ட்' என்ற தன் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வாசிக்கவைத்துவிட்டு வந்தார். பண்ணைப்புரத்துக்காரர் லண்டன் போய் நான்கு பகுதி சிம்பொனி செய்கிறார். என் போனில் பாதிப் பேர் அன்றைக்கு வாழ்த்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். கோட் சூட் போட்ட ராஜா படம், கீழே 'தமிழன்டா', பின்னணியில் பாட்டு. எந்தப் பாட்டு என்கிறீர்கள்? 'கரகாட்டக்காரன்'தான். ஆக, ஒரே இடத்தில் நிற்பது மனிதர் அல்ல. நாம்தான் அவர் சட்டையைப் பிடித்து 1989-லேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இதில் பெரிய குற்றவாளி கல்யாண வீடு. எங்கள் பக்கம் ரேடியோ செட் கட்டும் ஒவ்வொருவரிடமும் எழுதப்படாத சட்டப் புத்தகம் ஒன்று இருக்கிறது. காலையில் சீர்காழியாரின் பிள்ளையார், பந்தியில் ராமராஜன், இழவு வீடு என்றால் 'பாத காணிக்கை'யில் டி.எம்.எஸ். பாடியது. பெண் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைக்கும்போது 'தேவர் மகன்' பாட்டு. இந்தக் கடைசி விஷயத்தை யாராவது யோசித்துப் பார்த்தார்களா? அந்தப் படத்தில் கல்யாணத்தன்று நிச்சயித்த மாப்பிள்ளை பயந்து ஓடிவிடுவான். வேறு வழியில்லாமல், காதலி ஒருத்தி இருக்கும் கமல் தாலி கட்டுவார். அப்படி நடந்த கல்யாணத்துக்கு வந்த பாட்டு அது. வருஷத்துக்கு எத்தனை மண்டபத்தில் அதைப் போடுகிறார்கள்! மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். 'பணக்காரன்' படத்தில் ரஜினி பாடும் கல்யாணப் பாட்டு அதற்கு அண்ணன். பொருந்தாத ஜோடிகளை வரிக்கு வரி நக்கலடிக்கிற பாட்டு. முதல் அடியில் வாழ்த்து இருப்பதால் அதற்கு மேல் யாரும் காது கொடுப்பதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் பாட்டு மனப்பாடம் ஆகும், காதில் விழாது.

'குணா' கதை இன்னும் வேடிக்கை. 1991 தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன, இரண்டுக்கும் ராஜாதான். ஊர் 'தளபதி' பக்கம் ஓடியது. 'குணா' பாட்டை என் மாதிரி நான்கு பேர் டேப் தேயத் தேயக் கேட்டு, எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று பத்திரமாக வைத்திருந்தோம். 2024-ல் மலையாளத்திலிருந்து 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தது. அந்தப் படத்தில் வரும் 'குணா' குகை இருப்பது கொடைக்கானலில், அதாவது எங்கள் மாவட்டத்தில். புத்தி பேதலித்த ஒருவன் தான் கடத்தி வந்த பெண்ணிடம் கடிதம் சொல்லச் சொல்ல வளரும் பாட்டு, ஒரே வாரத்தில் நட்பின் தேசிய கீதம் ஆனது. அதற்குப் பிறகு அந்தக் கோடையில் மலையேறிய ஒவ்வொரு வேனிலும் அதே பாட்டு. குகைக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையில் நண்பன் பேரைக் கூப்பிடாத இளைஞன் இல்லை. முப்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு பாட்டு, இப்போது டீக்கடையில் வடை எடுக்கும்போது ஒலிக்கிறது.

'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்கு ராஜா தரப்பிலிருந்து பாட்டு உரிமை நோட்டீஸ் போனது. 'கூலி' டீசருக்குப் போனது. அடுத்த வருஷம் அஜித்தின் 'குட் பேட் அக்லி'க்கும் போனது. 2017-ல் எஸ்.பி.பி.க்கே போய், அவர் கொஞ்ச காலம் ராஜா பாட்டைத் தொடாமல் மேடை ஏறியதும், பிறகு இருவரும் சேர்ந்து மேடை ஏறியதும் எல்லோருக்கும் தெரியும். உரிமை யாருக்கு என்பதை வக்கீல்கள் பேசட்டும். நோட்டீஸ் விடும் அதிகாரம் எனக்கு இருந்தால் காரணம் வேறாக இருக்கும்: "அய்யா, மறுபடியும் இதே பாட்டா? உங்களுக்கு வேறே கிடைக்கலையா?" இந்த விஷயத்தில் 'லப்பர் பந்து' எடுத்தவர்களுக்கு நான் மாலை போடுவேன். 1989-ல் வந்த விஜயகாந்த் படமான 'பொன்மன செல்வன்' பாட்டைத் தூசி தட்டி எடுத்தார்கள். மாலை வாடுவதற்குள் அதுவும் பஸ்ஸில் ஏறிவிட்டது. கணக்கு இருபத்தொன்று.

போன திருவிழாவில் பாட்டுக் கச்சேரி போட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் கச்சேரி என்றால் பாதி ஆள், பாதி லேப்டாப். தபேலாக்காரர் இருப்பார், ஆனால் தபேலா லேப்டாப்பில் இருந்து வரும். நேயர் விருப்பம் எழுதி அனுப்பலாம் என்று மைக்கில் சொன்னதும், 'ஆளுக்கொரு ஆசை, 1977' என்று சீட்டெழுதி, மேலே நூறு ரூபாய் மடித்து வைத்து, ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினேன். மேடையில் ரோஸ் கலர் கோட் போட்டிருந்த தலைவர் சீட்டை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் படித்தார். திருப்பிப் பார்த்தார். கீபோர்டுக்காரரிடம் காட்டினார். அவர் உதட்டைப் பிதுக்கினார். நூறு ரூபாய் மட்டும் கோட்டுப் பைக்குள் போனது. பையன் வந்து, "அண்ணே, அதுக்கு டிராக் இல்லியாம்ணே" என்றான். அதற்குள் மைக்கில் முழங்கியது: "அண்ணன் ஆசையா கேட்டிருக்காங்க... அண்ணனுக்காக... இதோ..." வந்தது 'தளபதி'யில் ரஜினியும் மம்மூட்டியும் தோளில் கைபோட்டு ஆடும் பாட்டு. விசில் பறந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் என் முதுகில் தட்டி, "கேட்டாலும் கேட்டீங்க, நல்ல பாட்டா கேட்டீங்க" என்றார்.

என் சித்தப்பாவுக்கு இந்தப் புலம்பல் எல்லாம் பிடிக்காது. அவர் டி.எம்.எஸ். ஆள். அவர் கணக்கில் இளையராஜா புதிதாக வந்த பையன், இன்னும் தேற வேண்டும். தொண்ணூறுகளில் திண்டுக்கல் ஐ. லியோனியின் பட்டிமன்றக் கேசட் எங்கள் ஊர் டீக்கடைகளில் ஓடிய காலம். பழைய பாட்டா, புதுப் பாட்டா என்று சண்டை. அதில் பழைய பாட்டுக் கட்சி கிழித்துத் தொங்கவிடும்போதெல்லாம் சித்தப்பா பெஞ்சைத் தட்டுவார். அன்றைக்குக் கேலிக்கு ஆளான தேவா பாட்டுக்கு இன்றைக்குச் சென்னையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஆடுகிறார்கள். 'ரோஜா' வந்தே முப்பது வருஷம் தாண்டிவிட்டது. பழைய கட்சி, புதுக் கட்சி என்று சண்டை போட்டவர்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சித்தப்பாவுக்குப் பொற்காலம் தை மாதம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் கூட்டம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ரோட்டோரம் அன்னதானப் பந்தல், பந்தலுக்கு ஒரு ஸ்பீக்கர். ஒரு பந்தலில் டி.எம்.எஸ்., அடுத்ததில் சூலமங்கலம் சகோதரிகள். இரண்டுக்கும் நடுவே நின்றால் முருகனுக்கே எந்தப் பக்கம் திரும்புவது என்று குழப்பம் வரும். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் வருஷத்திலேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று. விதி டெசிபலைப் பார்க்கும், நேரத்தைப் பார்க்கும். ஒரே பாட்டை எத்தனை தடவை போடலாம் என்று ஒரு ஷரத்து சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

செத்தாலும் விடுதலை கிடையாது என்பது புதுச் செய்தி. 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ரஹ்மான் ஏ.ஐ. வைத்துப் பாடவைத்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கித்தான். அதே வருஷம் 'கோட்' படத்தில் ராஜாவின் மறைந்த மகள் பவதாரிணியின் குரல். அதைக் கேட்டு எனக்கும் தொண்டை அடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர்க்காரர்கள் கையில் இது முழுசாகக் கிடைத்தால் என்ன செய்வார்கள்? எஸ்.பி.பி. பாடாத பாட்டை எல்லாம் பாடவைப்பார்களா? மாட்டார்கள். 'கரகாட்டக்காரன்' பாட்டையே இன்னொரு தடவை பாடவைப்பார்கள்.

ரெட்டியார்சத்திரத்தில் அரசின் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. அங்கே போய்வரும் எந்தச் சம்சாரியைக் கேட்டாலும், ஒரே காட்டில் போகத்துக்குப் போகம் தக்காளியே போட்டால் மண் செத்து நோய் மண்டிவிடும், நடுவில் பயறோ சோளமோ மாற்றிப் போட வேண்டும் என்பார். அதே சம்சாரி டிராக்டரில் ஏறினதும் போடுவது அதே ராமராஜன். காதும் ஒரு காடுதானே அய்யா என்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டினார்.

ஆகவே நானே காரியத்தில் இறங்கினேன். தங்கச்சி மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் நான், ரேடியோ செட் என் செலவு. காசு கொடுப்பவன் பாட்டைத் தீர்மானிப்பான் என்று பேச்சு. ஒரு பென் டிரைவ் நிறைய 'துணையிருப்பாள் மீனாட்சி', 'அச்சாணி', 'சக்களத்தி', 'கல்லுக்குள் ஈரம்' என்று பொறுக்கி எடுத்த முத்துகளை ஏற்றிக் கொடுத்தேன். செட்காரர் வாங்கி, துண்டில் துடைத்து, சந்தேகமாகவே சொருகினார். இரண்டு பாட்டு ஓடியது. மூன்றாவது கொஞ்சம் மெதுவான பாட்டு. கிடாக் கறி வெந்துகொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு பெரியம்மா எழுந்து வந்து, "ஏம்ப்பா, யாரும் தவறிட்டாகளா?" என்று கேட்டது. மொய் எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தங்கச்சி பார்த்த பார்வையில் காதுகுத்து யாருக்கு என்றே தெரியவில்லை. செட்காரர் என்னைக் கேட்காமலே தன் பென் டிரைவை மாற்றினார். 'கரகாட்டக்காரன்' தவில் விழுந்ததுதான் தாமதம், பந்தியில் ரெண்டு இலை கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

மறு மாதம் அதே தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசம். இந்தத் தடவை அறிவோடு போனேன். 'பாலூட்டி வளர்த்த கிளி' பாட்டை எடுத்து, பைலின் பெயரை 'கரகாட்டக்காரன் 7' என்று மாற்றி, உண்மையான கரகாட்டக்காரன்களுக்கு நடுவில் செருகினேன். செட்காரர் டிஸ்ப்ளேயில் பெயரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பாட்டு முழுசாக ஓடியது. ஒருவரும் எழவில்லை, ஒருவரும் இழவைப் பற்றி விசாரிக்கவில்லை. பாயசம் குடித்துக்கொண்டிருந்த தங்கச்சி வீட்டுக்காரர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"கரகாட்டக்காரன்ல இப்படி ஒரு பாட்டு இருக்கா மச்சான்? நான் பார்த்த தியேட்டர்ல வெட்டிட்டானுக போல!"