அமெரிக்கத் தாடிக்கு ஒரு பரிகாரம்

செகண்ட் ஹேண்ட் சாமான் வாங்குவதில் நமக்குக் கூச்சமே கிடையாது. யாரோ பத்து வருஷம் உட்கார்ந்து தேய்த்த ஸ்கூட்டர், யாரோ எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிய நாவல், யாரோ குறட்டை விட்ட கட்டில், எல்லாம் தாராளமாக வீட்டுக்குள் வரும். ஒரு பழைய ரேசரை வாங்கி வந்து கூடத்து மேசையில் வைத்துப் பாருங்கள். வீடே இரண்டடி பின்வாங்கும்.

என்னுடையது காயலான் கடையில் கிடைத்தது. உடைந்த டேபிள் ஃபேனுக்கும் ஒற்றைக் குத்துவிளக்குக்கும் நடுவில், பளபளப்பு மங்கிக் கிடந்தது ஒரு ஜில்லெட் சூப்பர் ஸ்பீட்.

"அசல் லண்டன் சரக்கு சார்" என்றார் கடைக்காரர்.

திருப்பிப் பார்த்தேன். 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று இருந்தது. காட்டினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்படின்னா இன்னும் தூரத்துலேர்ந்து வந்திருக்கு. கூடத்தான் குடுக்கணும்."

தலைக்கு அடியில் 'சி-3' என்று பொடி எழுத்தில் பொறித்திருந்தது. இந்த ரேசர்களுக்கு 1955-இல் 'ஏ' என்று தொடங்கி வருஷத்துக்கு ஓர் எழுத்து, காலாண்டுக்கு ஓர் எண். ஆக, நம்முடையது 1957 ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில் பிறந்தது. இன்னும் கொஞ்சம் முயன்றால் ஜாதகமே கணித்துவிடலாம். அதைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதற்குத்தான் குறியீடு இல்லை. வீட்டில் கிளம்பிய கேள்வியோ அதைப் பற்றித்தான்.

"மழிச்சவன் இருக்கானா, போயிட்டானா?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா."

"அப்ப ரெண்டு தீட்டுக்கும் சேர்த்துப் பார்க்கணும்."

அம்மாவுடைய சட்டம் பழசு. நான் சிறுவனாக இருந்தபோது சலூனிலிருந்து வந்தால் கொல்லைப்புற வழியாகத்தான் நுழைய வேண்டும். தலையில் தண்ணீர் விழும்வரை எதையும் தொடக் கூடாது, யாரும் நம்மையும் தொட மாட்டார்கள். உதிர்ந்த முடி சாப்பாட்டில் விழக் கூடாது என்பது மட்டும்தான் காரணம் என்றால் சட்டையை உதறினால் போதும். அந்தச் சட்டத்தில் சுகாதாரம் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று பிரித்தெடுக்க எந்த மருந்துக் கடையிலும் ஸ்பிரிட் கிடையாது. நம் முகத்தைத் தொட்டுத் துடைத்து அனுப்பிய மனிதருக்கு நாம் செய்த மரியாதை அது.

என் மனைவிக்குத் தீட்டில் நம்பிக்கை இல்லை. அவள் விஞ்ஞானப் பட்டதாரி. "ஏங்க, அந்தாளுக்கு என்னென்ன வியாதி இருந்துச்சோ!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மா மஞ்சள் தண்ணீர் என்றாள், இவள் டெட்டால் என்றாள். மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் தரப்பு வாதம் இதுதான். அந்த அமெரிக்கர் தோலில் பட்டது, கீறியது, ரத்தம் கண்டது எல்லாம் பிளேடு. அது என்றைக்கோ குப்பைக்குப் போயாயிற்று. இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான். கிங் கேம்ப் ஜில்லெட் 1903-இல் விற்பனை தொடங்கியபோது அந்த வருஷம் போனது மொத்தம் 51 ரேசர், 168 பிளேடு. நம் தெருமுனைப் பெட்டிக் கடைக்காரர் கேட்டால் கைதட்டிச் சிரிப்பார். அடுத்த வருஷம் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்காக அரசாங்கம் 35 லட்சம் ரேசர் வாங்கியது. பிளேடைத் தூக்கியெறிய வைத்துப் பணம் பண்ணிய மனிதர், கைப்பிடியை மட்டும் சாகாவரம் கொடுத்துப் படைத்துவிட்டார். அதனால்தான் பிளேடும் போய், பிடித்த ஆளும் போய், நிக்கல் பூசிய பித்தளை மட்டும் என் கூடத்தில் உட்கார்ந்து சண்டை மூட்டுகிறது.

தூக்கியெறிவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில் குளியலறை அலமாரியின் பின்பக்கம் ஒரு சின்னக் கீறல் விட்டிருப்பார்கள். பழைய பிளேடை அதற்குள் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். அப்புறம் சுவர் பாடு. நம் வீடுகளில் பிளேடுக்கு அவ்வளவு சீக்கிரம் மோட்சம் கிடையாது. பாதியாக ஒடிந்து பென்சில் சீவும், தையல் பிரிக்கும், கடைசியில் ஜன்னல் மேல் துருப்பிடித்து, துழாவுகிற விரலுக்காகக் காத்திருக்கும்.

சரி, சுத்தம் செய்யும் படலத்துக்கு வருவோம். இந்த மாடலில் கைப்பிடியின் நுனியைத் திருகினால் தலை இரண்டு கதவாகப் பிளந்து திறக்கும். கழற்றி மாட்டும் வேலை இல்லை என்று அன்றைக்கு விளம்பரம் செய்திருப்பார்கள். கழற்ற முடியாது என்பதுதான் இன்றைக்கு எனக்குத் தலைவலி. கதவிடுக்கில் இறுகிப்போயிருந்த வெள்ளைப் பாறையைப் பார்த்து மனைவி வியாதி என்றாள். அது சோப்பு. தண்ணீரிலுள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து படிந்து, வருஷக்கணக்கில் காய்ந்து கல்லானது. எங்கள் போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த வாளிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, ஓய்வுபெற்ற டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பகுதி விட்டுவிடுகிறது. அசையாத படிவுக்கு, தண்ணீர் கலந்த வினிகரில் சில நிமிஷம் போதும். அமிலத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் பூச்சு இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

மூட்டில் பச்சையாகக் கொஞ்சம் களிம்பு. பூச்சு தேய்ந்த இடத்தில் பித்தளை தலைகாட்டினால் வரத்தான் செய்யும். ஆன்மாவை ஆணவம் பற்றியிருப்பது செம்பில் களிம்பு போல என்று சைவ சித்தாந்திகள் சொல்வார்கள். அவர்களுக்கு அருள் தேவைப்பட்டது. எனக்கு ஒரு பல்குச்சியும் பொறுமையும் போதுமாக இருந்தது. அம்மாவோ ஒரு உருண்டைப் புளியும் செங்கல் பொடியுமாக வந்து நின்றாள். வெறும் பித்தளைக்கு அதை மிஞ்சிய வைத்தியம் இல்லைதான். ஆனால் இதில் பித்தளைக்கு மேல் மெல்லிய நிக்கல் தோல் இருக்கிறது. செங்கல் பொடி பட்டால் தோல் உரிந்து சொம்பாகிவிடும். ரேசரை இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன்.

அழுக்கைப் போக்குவது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. முன்னதைச் செய்யாமல் பின்னதில் இறங்கினால், கிருமிகள் அழுக்குக்கு அடியில் குடைபிடித்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் குக்கரைத்தான் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலை அவிக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி. குக்கரும் ஏறக்குறைய அந்த வெப்பத்தைத்தான் எட்டுகிறது. மூடியில் கை வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு அதுல சாம்பாருக்குப் பருப்பு வேகணும். இல்ல, நீங்க வேகணும்." குக்கர் தப்பியது. பிளீச்சிங் பவுடர் உலோகத்தை அரிக்கும் என்பதால் விலக்கினேன். டெட்டாலில் தோய்ந்த ரேசரால் சவரம் செய்துகொண்டு அலுவலகம் போனால், பக்கத்து இருக்கைக்காரர் ஹார்லிக்ஸோடு நலம் விசாரிக்க வருவார்.

மிஞ்சியது ஸ்பிரிட். மருந்துக் கடையில் அரை லிட்டர் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புண்ணா சார்?"

"ரேசர்."

இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். எழுபது சதவீதம்தான் வேண்டும், முழுசாக நூறு வேண்டாம் என்றதும்தான் முகம் தெளிந்தது. குடிக்க வந்தவன் குறைத்துக் கேட்பானா? கிருமியின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். தவிர, சுத்த ஆல்கஹால் வேலை முடியுமுன்பே ஆவியாகிப் போய்விடும். தண்ணீர் கலந்தால் வீரியம் கூடுகிற ஒரே சரக்கு என் அனுபவத்தில் இதுதான். அம்மாவின் பூஜை விளக்கு அணையும்வரை காத்திருந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ரேசரைப் பத்து நிமிஷம் முழுக்காட்டிக் காயவைத்தேன். புது பிளேடு போட்டு மழித்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று.

உண்மையில் இவ்வளவு ஆர்ப்பாட்டமும் அந்த அமெரிக்கருக்குத் தேவையே இல்லை. ரேசரில் பயப்பட வேண்டியது ரத்தத்தில் பரவும் கிருமிக்கு. அதில் கெட்டிக்காரனான ஹெபடைடிஸ் பி, உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். ஏழு நாளென்ன, எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது; அவர் விட்டுப்போன கிருமி மாண்டு காரியமும் முடிந்திருக்கும். சலூன்காரர் காகிதத்தோடு பிளேடை ஒடித்து, நம் கண்முன்னே கத்தியில் மாட்டிக் காட்டுகிறாரே, அது நமக்குச் சற்று முன்னால் நாற்காலியிலிருந்து எழுந்து போனவருக்காக. பயப்பட வேண்டியது இறந்துபோன அந்நியருக்கு அல்ல, உயிரோடிருக்கும் உறவினருக்கு.

இதை வீட்டில் விளக்கிச் சொல்லிக் கைதட்டு வாங்கலாம் என்று இருந்த வேளையில், ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து மச்சான் வந்திருந்தார். காலையில் குளியலறையிலிருந்து முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். தாடையில் இரண்டு இடத்தில் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

"என் செட்டை மறந்துட்டு வந்துட்டேன் மாப்பிள்ளை. உள்ள ஒண்ணு இருந்துச்சே, சும்மா சொல்லக் கூடாது, நல்லா ஓடுது."

அவருடைய தங்கை, அதே விஞ்ஞானப் பட்டதாரி, "அண்ணன்தானேங்க!" என்றாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்காமலே அரை லிட்டர் பாட்டிலை எடுத்து வைத்தார்.

"இன்னொரு ரேசரா சார்?"

"இல்ல. அதே ரேசர்தான்."