ஓடுன எலி ஒண்ணு, தேறுன எலி ஒண்ணு

வாரும் மருமவனே. தெருமுக்கு டீக்கடைக்கு வண்டியில போயிட்டு வந்த களைப்பு முகத்துலயே தெரியுது. உக்காரும். ஈரல்ல கொழுப்புன்னு ஸ்கேன்ல எழுதிட்டானாமே? உமக்கு மட்டுமா எழுதுதான்? மூஞ்சியைத் தொங்கப் போடாதேயும்.

ஈரல்னா சோறு செரிக்க மட்டும்னு நெனைச்சீரோ? ஒண்ணரைக் கிலோ கிட்ட எடை. ராப்பகலா புரதம் செஞ்சு ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கு. ஆல்புமின் மட்டும் நாளைக்கு 10 கிராமுக்கு மேல. அதுபோக, ஆளு நடமாடுதானா, கட்டில்ல கெடக்கானான்னு பாத்து, அதுக்குத் தக்கன சரக்கையும் மாத்திவிடும். எம் பேத்தி காலேஜுல இதைத்தான் படிக்கா. உம்மைக் கேலி பண்ணத் தோதா இருக்கேன்னு நானும் கேட்டு வச்சிக்கிட்டேன்.

2020-ல அமெரிக்காவுல, சான் பிரான்சிஸ்கோவில இருக்க கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல, சால் வில்லேடான்னு ஒருத்தர் குழு பண்ணுன கூத்தைக் கேளும். கிழட்டு எலிகளை ஆறு வாரம் சக்கரத்துல ஓட விட்டாங்க. அதுக பிளாஸ்மாவை எடுத்து, சும்மா கெடந்த கிழட்டு எலிகளுக்கு ஊசி போட்டாங்க. ஓடாத எலிக்கு ஞாபகசக்தி தேறிப்போச்சுவே! மூளையில நினைவைப் பாத்துக்கிடுத ஹிப்போகாம்பஸ்ல புது நரம்பணுவும் கூடுதலா முளைச்சிருக்கு. என்ன காரணம்னு துழாவிப் பாத்தா, ஈரல் விடுத ஜி.பி.எல்.டி.1-ங்கிற புரதம் ஓட்டத்தால கூடியிருக்கு. அதை மட்டும் ஈரல்ல பெருக்கிவிட்டும் பாத்தாங்க. ஓடாமலே எலிக்குப் புத்தி தெளிஞ்சிருக்கு. இத்தனைக்கும் அந்தப் புரதம் மூளைக்குள்ள நுழையுததே அபூர்வமாம். வெளிய நின்னே காரியத்தை முடிக்குது. நல்லா நடமாடுத வயசாளிக ரத்தத்துலயும் அது கூடுதலாத்தான் இருந்துச்சாம்.

உம்ம கண்ணு ஏன்வே இப்படி மின்னுது? எவனாவது ஓடட்டும், நமக்கு ஊசி போதும்னுதானே? மனுசனுக்கு அந்த ஊசி இன்னும் கடைக்கு வரல்ல. வந்தாலும் உமக்காக எவன் ஓடுவான்? உம்ம மச்சினனா? அவன் பந்திக்குப் போகவே ஆட்டோ கேக்குதவன்.

சரி, உமக்குத் தோதான கதை ஒண்ணு டென்மார்க்குல இருக்கு. 2011-ல கோபன்ஹேகன்ல பென்ட்டே பெடர்சன் அம்மா குழு, ஆளுகளை சைக்கிள் மிதிக்க விட்டு ரத்தத்தைப் பாத்துச்சு. ஈரல் விடுத ஃபோலிஸ்டாட்டின்னு ஒரு புரதம். தசையை வளர விடாத மயோஸ்டாட்டினை அது கட்டிப்போடும். மிதிக்கையில அது பெருசா ஏறல்ல. இறங்கி ஓய்ஞ்சு உக்காந்த பொறவுதான் பல மடங்கு ஏறியிருக்கு. உழைக்கிற தசை சர்க்கரையை இழுக்க இழுக்க, இன்சுலின் இறங்கி குளுக்ககான்ங்கிற ஹார்மோன் ஏறும். ஈரலுக்குத் தாக்கல் போறது அப்படித்தான். இதுல பிற்பாதியை நீரு பிசகில்லாம செய்யுதீரு. உக்காருததுல உம்மை மிஞ்ச ஆளு கெடையாது. முன்பாதிதான் பாக்கி.

போன வருசம் ஒரு மாசம் நடந்துட்டு, எடை மிஷின்ல முள்ளு அசையலன்னு விட்டீரே, ஞாபகம் இருக்கா? எடை எறங்காமலே ஈரல் கொழுப்பு கரையும்வே. கொழுப்பேறுன ஈரல் ஃபெட்டுயின்-ஏ-ங்கிற சரக்கைக் கூடுதலா விடும். அது தசையை இன்சுலின் பேச்சைக் கேக்க விடாது. உள்ள நடக்குத இந்தக் கலகம் அடங்குச்சா இல்லையான்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்? நீரு செருப்போட ஏறி நின்னதைத்தான் அது காட்டுச்சு.

இப்ப என்ன யோசிக்கீருன்னும் தெரியும். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு முந்துன நாள் மட்டும் விழுந்தடிச்சு ஓடிட்டு, மறுநாள் கையை நீட்டலாம்னு. அந்தச் சோலியே வேண்டாம். உடம்புல அழற்சியைக் காட்டுத சி.ஆர்.பி.யும் ஈரல் செய்யுததுதான். மாசக்கணக்கா நடந்தா அது எறங்க வழியிருக்கு. பழக்கமில்லாதவன் ஒரே நாள்ல உசுரைக் குடுத்து ஓடுனா மறுநாள் ஏறித்தான் நிக்கும். ஈரல் பரிசோதனையில பாக்குத எஸ்.ஜி.ஓ.டி.யும் தசையில இருந்து கசிஞ்சு கூடவே ஏறும். டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, மூக்குக்கண்ணாடியை எறக்கி, "சாயங்காலம் போடுற பழக்கம் உண்டா?"ன்னு கேப்பாரு. அதுவும் உம்ம வீட்டுக்காரி பக்கத்துல உக்காந்திருக்கையில.

ஏன்வே, எதுக்கு இப்படித் திருதிருன்னு முழிக்கீரு? நெசமாவே உண்டோ?